மண்ணைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 4ஆம் நாளை ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலகக் கண்ணிவெடி விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடித்து வருவதையொட்டி, தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் ஏழெட்டு வரிகளில் வந்திருந்த செய்தியைப் படித்தேன். பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் கடைத்தெருவில் காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அதை உடனிருந்த நண்பரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "இதெல்லாம் எங்கேயோ நடக்கிற விஷயம், நமக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர், கேட்டதிலும் தவறில்லை. அந்த இடத்தில் ஓரிரு சொற்களில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அவருக்கும், அவரைப்போல் நினைக்கும் வாசகர்களுக்கும் சேர்த்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருப்பதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் இவ்வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பின்னர் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குப் பதினொரு வயது நடந்த 1971ஆம் ஆண்டில், மழை ஓய்ந்த ஒரு நாள், என் பெரியப்பா மகன் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் மீன் பிடிக்கப் போய், மணலுக்குள் புதைந்திருந்த ஓர் இரும்பைத் தோண்டி எடுத்து வந்தார். முழங்கை நீளம் இருக்கும்; ஒரு முனை உருண்டு திரண்டிருக்கும், மறு முனையில் மீன் வாலைப்போல் தகடுகள் இருக்கும். அது எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கனமாக ஐந்தாறு மாதங்கள் கிடந்தது. நானும் தம்பிமாரும் யார் அதைத் தலைக்குமேல் தூக்குவது என்று போட்டி போட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை வரும் பழைய இரும்பு வியாபாரி அதைத் தராசில் வைத்து விலையும் சொன்னார். அந்த விலை போதாது என்று அப்பா மறுத்ததால்தான் அது விற்கப்படாமல் இருந்தது.

எங்கள் லயத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். தீபாவளிக்கு முதல் நாள் அவர் எங்கள் வீட்டுக்குக் கோழி வாங்க வந்தார். கூண்டருகில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகளையெல்லாம் மெதுவாக வெளியே அனுப்பச் சொன்னார், குரலை உயர்த்தவில்லை. அன்று மாலை போலீசார் வந்து லயத்தையே காலி செய்ய வைத்து, அதைத் தோட்டத்தின் எல்லைக்குக் கொண்டுபோய் வெடிக்கச் செய்தார்கள். அந்தச் சத்தத்தில் அரை மைல் தொலைவிலிருந்த ஆயாக் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்ததை இன்றைக்கும் என் உடம்பு மறக்கவில்லை. அது மோர்ட்டார் எனப்படும் சிறு பீரங்கியின் குண்டு. போர் முடிந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது தன் வேலையைச் செய்வதற்கு ஆயத்தமாகவே இருந்தது.

அது எப்படி அங்கே வந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1941 டிசம்பர் இறுதியில் கம்பாரில் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்த முயன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை, 1942 ஜனவரி 7ஆம் நாள் விடியுமுன் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரையுள்ள சாலையில், இரப்பர்த் தோட்டங்களின் நடுவே, ஜப்பானிய டாங்கிகளால் சிதறடிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் முடிந்துவிட்ட அந்தச் சண்டையைப் போர் வரலாற்று ஆசிரியர்கள் மலாயாவின் வீழ்ச்சியை விரைவுபடுத்திய தோல்வி என்று எழுதுகிறார்கள். தோட்டத்தில் இருந்த நம்மவர்களுக்கு அது முடிந்துவிடவில்லை. சிதறிய படைகள் விட்டுச் சென்றவை ஆற்றிலும் ஓடையிலும் பால்மரங்களின் வேர்களுக்கு அடியிலும் தங்கிவிட்டன. அதன்பின் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் வேறு. இன்றுவரை இந்நாட்டில் கட்டடம் கட்டுவதற்கும் சாலை போடுவதற்கும் மண்ணைத் தோண்டும்போது பழைய குண்டுகள் வெளிப்பட்டு, போலீசாரின் வெடிகுண்டு அழிப்புப் பிரிவினர் வந்து அகற்றும் செய்தியைத் தங்கள் நாளிதழிலேயே அவ்வப்போது படித்து வருகிறோம்.

இவ்வகை ஆயுதங்கள் யாருடைய கையில், யாருடைய காலில் அகப்படுகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணைக் கையால் தொட்டு வேலை செய்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், மாடு மேய்ப்பவர்கள், பழைய இரும்பை விற்று நாலு காசு பார்ப்பவர்கள், விளையாட இடம் தேடும் பிள்ளைகள் ஆகியோரே இவற்றைச் சந்திக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் கண்ணிவெடிகளாலும் போரின் எச்சமான வெடிபொருள்களாலும் குறைந்தது 5,757 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ இருப்பதாகவும், அவர்களில் நூற்றுக்கு 84 பேர் பொதுமக்கள் என்றும் கண்ணிவெடிக் கண்காணிப்பு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வயது தெரியவந்த பொதுமக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் சிறுவர்கள். நாம் 'கண்ணிவெடி' என்கிறோம். பறவைக்கு வைக்கும் கண்ணியின் நினைவு அந்தச் சொல்லில் இருக்கிறது. ஈழத் தமிழர் அதை 'மிதிவெடி' என்கிறார்கள். மிதிக்கிற காலை நினைவூட்டும் அந்தச் சொல்லே பொருத்தமானது என்று எனக்குப் படுவதால், இனி அதையே எழுதுகிறேன்.

2014ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காக எங்கள் கோயில் அன்பர்கள் சிலருடன் யாழ்ப்பாணம் சென்றேன். கொழும்பிலிருந்து ஏ9 நெடுஞ்சாலை வழியாகப் பேருந்துப் பயணம். ஆனையிறவைக் கடந்து பளைக்கும் முகமாலைக்கும் இடையே சென்றபோது, சாலையோரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால் தலையில்லாத தென்னைகளும் பனைகளும் நின்றன. எறிகணை பட்டுக் கழுத்தறுந்த மரங்கள் அவை என்று ஓட்டுநர் சொன்னார். பளை வட்டாரம் தென்னைக்குப் பெயர் பெற்றது. பெரிய தென்னந்தோட்டங்கள் இருந்த ஊர் அது. தோட்டக்காரன் ஒருவனுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பால் இல்லாத மரத்தையும் நோய் கண்ட மரத்தையும் பார்த்திருக்கிறேன். ஏக்கர் ஏக்கராக, நெருங்கக்கூட முடியாத மரங்களை அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த வெளியில் சிலர் முழந்தாளிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். முகத்தை மூடிய கண்ணாடி மறைப்பும் மார்பைக் காக்கும் கனத்த அங்கியும் அணிந்திருந்தார்கள். ஆண்கள் என்றே நான் நினைத்தேன். பேருந்து மெதுவாகச் சென்றபோது ஒருவர் மறைப்பை உயர்த்தித் தண்ணீர் குடித்தார், அவர் பெண். ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற மிதிவெடி அகற்றும் நிறுவனங்களில் இப்பணியைச் செய்பவர்களுள் பெண்கள் பலர் என்பதையும், அவர்களில் போரில் கணவரை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள் உண்டு என்பதையும் பின்னர் அறிந்தேன். அன்று மாலை நல்லூர் வீதியில் நின்றபோதும் எனக்கு அந்தத் தண்ணீர்ப் போத்தல்தான் கண்ணில் நின்றது.

முகமாலை அப்படியானதற்குக் காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவு விடுதலைப் புலிகள் வசமான பின், 2009 தொடக்கம் வரை, கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கே வெட்டிய கோட்டில் இருதரப்பும் எதிரெதிரே நின்றன. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். முன்னேறுவதற்கும் பின்வாங்குவதற்கும் இடையே இருதரப்பும் மிதிவெடிகளைப் புதைத்துக்கொண்டே இருந்தன. ஒரே நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. இராணுவத்திடம் தான் புதைத்தவற்றுக்கு ஓரளவு வரைபடங்கள் இருந்தன. மறுதரப்பில் புதைத்தவர்களில் மிகப் பலர் உயிரோடு இல்லை. எந்த மரத்தடியில், எந்த வரப்பில் என்பது அவர்களோடு போய்விட்டது.

இந்த இடத்தில் நம் நாட்டு அனுபவம் ஒன்றை நினைவுகூர விரும்புகிறேன். கெடா, பேராக் எல்லைக் காடுகளில் 1970களிலும் 80களிலும் கம்யூனிஸ்டுகள் வைத்த மறைவெடிகளில் கால் இழந்த மலேசிய இராணுவ வீரர்கள் உண்டு. மலாய்க்காரர்கள் அதை ஜெராங்காப் சாமார் என்பார்கள். 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாயில் மலேசிய, தாய்லாந்து அரசுகளும் மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், படைகளைக் கலைப்பதோடு தங்கள் ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் மறைவெடிகளையும் அழிக்கவும் அக்கட்சி ஒப்புக்கொண்டது. வைத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். எங்கே வைத்தோம் என்று சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். பேசி முடிக்கப்பட்ட போருக்கும் அழித்து முடிக்கப்பட்ட போருக்கும் மண்ணைப் பொறுத்தவரை உள்ள வேறுபாடு இதுதான் என்று நான் கருதுகிறேன். யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வன்னியிலும் முகமாலையிலும் அப்படிச் சொல்ல ஆளில்லாததால், ஒவ்வொரு அடியையும் கையால் தேட வேண்டியிருக்கிறது.

அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதை நம் தோட்டத்து வாசகர்கள் மற்ற எவரையும்விட எளிதாகப் புரிந்துகொள்வார்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பதைப் போல, அங்கும் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை கொடுக்கப்படுகிறது. ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே, ஒரு வெடி வெடித்தாலும் இருவர் சேர்ந்து பாதிக்கப்படாத அளவுக்கு இடைவெளி. முதலில் புல்லையும் செடியையும் வெட்டி எடுக்க வேண்டும்; அதற்கு முன், கால் பட்டால் வெடிக்க வைக்கும்படி மறைத்துக் கட்டிய கம்பியைத் தேட வேண்டும். பிறகு உலோகம் காட்டும் கருவியை மண்மீது மெதுவாக அசைக்க வேண்டும். சத்தம் வந்தால் குறியிட்டு, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி நெருங்க வேண்டும். எடுத்ததை அங்கேயே அழித்துவிட்டு, பாதையை முன்னே நகர்த்த வேண்டும். கடினமான நிலத்தில் ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில சதுர மீட்டர்கள் மட்டுமே.

முகமாலை போன்ற இடங்களில் அந்தக் கருவியும் உதவாமற் போனது. எறிகணைச் சிதறல்களும் தோட்டா உறைகளும் மண் முழுவதும் கலந்து கிடப்பதால் கருவி ஓயாமல் ஒலிக்கும். அதே வேளையில், பிளாஸ்டிக் உறை கொண்ட மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு; புலிகள் செய்த 'ஜொனி' மிதிவெடியோ மரப்பெட்டியில் அமைந்தது. ஆகவே நீண்ட பிடியுள்ள வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வாரிப் பார்க்கும் முறை இலங்கையில் உருவாகி நிலைபெற்றது. சருகு வாருவதற்கு நாம் கையாளும் வாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பல்லில் மண்ணுக்குள் ஏதோ தடுக்கும்போது கை எப்படி உணரும் என்பது நமக்குத் தெரியும். அந்த உணர்வை நம்பித்தான் அந்தப் பெண்கள் காலை முதல் மாலை வரை வெயிலில் முழந்தாளிட்டு இருக்கிறார்கள். இது பொறியாளர்களின் வேலை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்; இது தோட்டத் தொழிலாளியின் வேலை. அதே பொறுமை, அதே குனிவு, நாள்கூலியை எதிர்பார்க்கும் அதே குடும்பம்.

இன்னொரு செய்தியையும் நம் சமூகம் அறிந்திருக்க வேண்டும். வன்னியில் வாழ்ந்தவர்கள் அனைவரும் வடக்கின் பழைய குடிகள் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து நம் பாட்டன்மார் மலாயா இரப்பருக்கு வந்ததைப் போலவே, இலங்கைத் தேயிலைக்குச் சென்றவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டு வன்செயல்களில் லயங்களை விட்டு ஓடிய மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறினார்கள். நிலத்துக்கு உறுதியான பத்திரம்கூட இல்லாத நிலையில் அவர்கள் அந்த மண்ணைப் பண்படுத்தினார்கள். பின்பு அதே மண்ணில் போர் வந்தது. லயத்திலிருந்து விரட்டப்பட்டவன் மிதிவெடி மேல் போய்க் குடியிருக்க நேர்ந்த கதை அது. "நமக்கும் இதற்கும் என்ன?" என்று கேட்ட நண்பருக்கு நான் முதலில் சொல்ல நினைத்த பதில் இதுவே. நம் பாட்டனார் ஏறிய கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போயிருந்தால், அந்த நிலம் நம்முடையதாக இருந்திருக்கும்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மெனிக் பாம் முதலான முகாம்களில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். அவர்களை உடனே ஊருக்கு அனுப்ப முடியாததற்கு அரசு சொன்ன காரணங்களுள் மிதிவெடியும் ஒன்று. அந்தக் காரணத்தில் உண்மையும் இருந்தது. அதை ஒரு சாக்காகப் பயன்படுத்தியதும் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். எப்படியாயினும், வீட்டுக்குப் போவது என்பது வீட்டுச் சுவருக்குள் போவது மட்டுமன்று. கிணற்றடி, குளக்கட்டு, வாய்க்கால், வயல் வரப்பு, விறகுக் காடு, பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, சுடுகாடு ஆகிய அத்தனையும் சேர்ந்ததுதான் ஊர். இவற்றுள் ஒன்று மூடப்பட்டிருந்தாலும் குடும்பத்தின் வருமானத்தில் ஓட்டை விழுகிறது. யாழ்தேவி இரயில் 2014 அக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்குவதற்கு முன்னரும், தண்டவாளம் போடும் நிலத்தில் மிதிவெடி அகற்ற வேண்டியிருந்தது. சாலை, இரயில், மின்கம்பி, பள்ளி என்று வளர்ச்சிப் பணிகளின் பட்டியலில் நாம் எதைக் குறிப்பிட்டாலும், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் முழந்தாளிட்டு அந்த இடத்தைத் துப்புரவாக்கியிருக்கிறார்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் அறியப்பட்ட மிதிவெடிகள் எதுவும் அற்றதாக அறிவிக்கப்பட்டது. முகமாலையிலும் படிப்படியாக நிலம் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பியிருக்கிறார்கள், தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் இலங்கை அரசு மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்க 2028 ஜூன் 1 வரை காலக்கெடு இருக்கிறது. இது கைக்கு எட்டாத கனவன்று. 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்த மொசாம்பிக், 2015இல் தன் நிலம் மிதிவெடியற்றது என்று அறிவித்தது. மனிதர்கள் கையால் புதைத்ததை மனிதர்கள் கையால் எடுத்து முடிக்க முடியும் என்பதற்கு அந்த ஏழை நாடு சாட்சி.

ஆனால் கடைசி மீட்டர்கள்தாம் எப்போதும் நெருக்கடியில் சிக்குகின்றன. கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு மிதிவெடியைச் செய்ய 3 டாலர் போதும், அதை எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் மதிப்பீடு. செய்யும் செலவைப்போல் குறைந்தது நூறு மடங்கு எடுப்பவர் செலவழிக்க வேண்டும். அந்தப் பணம் ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் முதலான நாடுகளின் உதவியாகவே பெரிதும் வந்தது. போர் முடிந்த முதல் ஆண்டுகளில் உலகம் ஆர்வமாகக் கொடுக்கும். புதிய போர் ஒன்று வந்ததும் பார்வை அங்கே திரும்பிவிடும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, பல நாடுகளில் மிதிவெடி அகற்றும் குழுக்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போக நேர்ந்தது. மறுநடவுக்குப் பாதிக் காட்டை அழித்துவிட்டுப் பணமில்லை என்று நிறுத்திய தோட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டே ஆண்டில் அங்கே லாலான் புல் ஆள் உயரம் வளர்ந்துவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயிற்சி பெற்ற தொழிலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால் மிதிவெடி நிலத்துக்கும் அதுவே நேரும்.

நிலம் துப்புரவான பிறகும் தொடரும் பாரம் ஒன்று உண்டு. கால் இழந்தவர்களைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர்ச் செயற்கைக்கால் செய்து கொடுக்கும் நிலையம் இருக்கிறது. அதன் பணி பெரிது. ஆயினும் செயற்கைக்கால் ஒருமுறை பெற்றதும் தீர்ந்துவிடும் பொருளன்று. எட்டு வயதில் கால் இழந்த பிள்ளை வளர வளர, எலும்பும் சதையும் மாற மாற, முழு வளர்ச்சி அடையும்வரை பலமுறை புதிய கால் பொருத்த வேண்டும். வளர்ந்த பின்பும் தேய்ந்ததை மாற்ற வேண்டும். வயலில் சேற்றில் இறங்கி வேலை செய்பவருக்கு அது இன்னும் விரைவில் தேயும். நம் நாட்டில் நீரிழிவு நோயால் கால் எடுக்கப்பட்டவர்கள் எத்தனையோ குடும்பங்களில் இருப்பதால், ஒரு செயற்கைக்காலின் விலையும், அது சரியாகப் பொருந்தாதபோது ஏற்படும் புண்ணும் நமக்குப் புதியவை அல்ல.

நம் அண்டை நாடுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது வீசப்பட்ட கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய 27 கோடிக்கும் மேற்பட்ட சிறுகுண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வெடிக்காமல் மண்ணில் தங்கியதாக மதிப்பிடப்படுகிறது. 2023இல் உலகிலேயே மிக அதிகமாக மிதிவெடிகளால் பாதிக்கப்பட்டவர்கள் மியன்மார் மக்கள்; பதிவானவர்கள் மட்டும் 1,003 பேர். நம் ஊர்களில் உணவுக் கடைகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் நம்மோடு வேலை செய்யும் மியன்மார்த் தொழிலாளர்கள் விட்டு வந்த கிராமங்கள் அவை. 2025 ஜூலையில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் தாய்லாந்து வீரர்கள் மிதிவெடியில் கால் இழந்தார்கள். புதிதாகப் புதைத்தவை என்று ஒரு நாடும், பழைய போரின் எச்சம் என்று மறு நாடும் வாதிட, சில நாள்களில் இரு நாடுகளும் பீரங்கிச் சண்டையில் இறங்கின. ஜூலை 28ஆம் நாள் போர்நிறுத்தம் பேசப்பட்ட இடம் நம் புத்ராஜெயா. அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தான அறிக்கையில் மிதிவெடி அகற்றும் ஒத்துழைப்பும் இடம்பெற்றது. நவம்பரில் இன்னொரு வெடி வெடித்ததும் தாய்லாந்து அந்த உடன்பாட்டை நிறுத்தி வைத்தது. மண்ணில் கிடக்கும் ஓர் இரும்புத் துண்டு இரு அரசுகளின் கையெழுத்தைச் செல்லாக்காசாக்கியதை நம் தலைநகரில் இருந்தே நாம் பார்த்தோம்.

மலேசியாவுக்கு இதில் பேசத் தகுதி இருக்கிறது. 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் மிதிவெடித் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டபோதே நம் நாடு கையெழுத்திட்டது, 1999இல் உறுதிப்படுத்தியது, 2001இல் தன் கையிருப்பிலிருந்த மிதிவெடிகளை அழித்து முடித்தது. அண்மையில் ஐரோப்பாவில் பின்லாந்து, போலந்து, பால்டிக் நாடுகள் ரஷ்ய அச்சத்தைக் காரணம் காட்டி அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியிருக்கின்றன. அவர்களின் அச்சம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் புதைக்கப்போகும் நிலத்தில் நாளைக்கு உருளைக்கிழங்கு நடப்போவதும் யாரோ ஒரு விவசாயிதானே? இப்படிப்பட்ட நேரத்தில், சொன்ன சொல்லைக் காத்த ஆசிய நாடு என்ற முறையில் மலேசியா உரத்துப் பேச வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைப் பற்றி ஒரு கேள்வியாவது எழுப்ப வேண்டும். கம்போடியத் தலைநகர் நோம்பென்னில் இயங்கும் ஆசியான் வட்டார மிதிவெடிச் செயல்பாட்டு மையத்துக்கு நாம் அளிக்கும் ஆதரவு என்ன, இலங்கை தன் காலக்கெடுவுக்குள் முடிக்க நாம் எவ்வகையில் உதவ முடியும் என்று வெளியுறவு அமைச்சைக் கேட்பது அவர்களுக்குக் கடினமான காரியமன்று.

புதைத்தவர்களே எடுக்கட்டும், நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். நீதியின்படி அது சரியான கேள்வியே; நானும் அதை மறுக்கவில்லை. இலங்கை அரசுக்கு அந்தக் கடமை உண்டு, அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த வழக்கு தீரும்வரை விறகுக்குப் போகும் பெண் காத்திருக்க முடியாது. நம் கோயில்களிலும் சங்கங்களிலும் வன்னி மக்களுக்கென்று பணம் திரட்டியதுண்டு. புத்தகப் பைகளும் தையல் இயந்திரங்களும் அனுப்பியிருக்கிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு கால் இழந்தவர்களுக்கான செயற்கைக்காலுக்கும், டாஷ், ஷார்ப் போன்ற இலங்கையின் உள்நாட்டு மிதிவெடி அகற்றும் அமைப்புகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம் என்பதே என் வேண்டுகோள். திருவிழா வாணவேடிக்கைக்கு ஓர் இரவில் நாம் எரிக்கும் தொகையை அறிந்தவன் நான். அதில் பாதியைக் கேட்கிறேன். வெடிச் சத்தம் கேட்டால் இன்றும் பாயைவிட்டு எழுந்து ஓடும் முதியவர்களை யாழ்ப்பாணத்தில் பார்த்து வந்த பின், எங்கள் கோயிலில் அதைக் கேட்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

நம் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வட்டாரத்தில் பழைய செம்பனைகளைச் சாய்த்து மறுநடவு நடக்கிறது. மண்வாரி இயந்திரங்கள் முன்பு எவரும் தோண்டாத ஆழத்துக்குத் தோண்டுகின்றன. சில காலத்துக்கு முன் ஒரு தோட்டத்தில் துருப்பிடித்த குண்டு போன்ற ஒன்று வெளிவந்தபோது, வேலை தடைப்படும் என்பதால் அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைத் தொடரும்படி குத்தகைக்காரர் சொன்னதாக அங்கே வேலை செய்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் என்னிடம் கூறினார். அவருக்குத் தமிழும் மலாயும் அரைகுறையாகவே தெரியும். எங்கே புகார் செய்வது என்றும் தெரியாது. குத்தகைக்காரர்களும் தோட்ட நிர்வாகங்களும் பெரட்டின்போதே எல்லாத் தொழிலாளருக்கும் அவரவர் மொழியில் சொல்லி வைக்க வேண்டியது மிகச் சிறிய செய்தி: தெரியாத இரும்பைத் தொடாதே, நகர்த்தாதே, எரிக்காதே, அறுக்காதே, இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டுத் தள்ளிப்போ, மற்றவரையும் விலக்கு, 999இல் போலீசை அழை. வேலை நின்ற நேரத்துக்குக் கூலி பிடிக்க மாட்டோம் என்ற உறுதியையும் சேர்த்துச் சொன்னால்தான் தொழிலாளி வாய் திறப்பான். தமிழ்ப்பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை காலைச் சபைகூடலில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லலாம். எங்கள் கோழிக்கூண்டருகே அன்று அந்தப் பெரியவர் குனியாமல் போயிருந்தால், இக்கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு முறை ஏழெட்டு வரிச் செய்தியோடு நிறுத்திவிடாமல், 2028 ஜூன் வரையாவது இப்பணியின் நிலையைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுத வேண்டும். இயன்றால் தங்கள் செய்தியாளர் ஒருவரைப் பளைக்கு அனுப்பி, திரும்பிச் சென்ற குடும்பங்களையும் அந்தப் பெண் தொழிலாளர்களையும் பேச வைக்க வேண்டும். எங்கள் கோயிலின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. வாணவேடிக்கைச் செலவில் பாதியை யாழ்ப்பாணச் செயற்கைக்கால் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தை நான் முன்மொழிய இருக்கிறேன். தேநீர்க் கடை நண்பர் அதை வழிமொழியச் சம்மதித்திருக்கிறார். அதற்கு முன் இக்கடிதம் வெளிவருமானால், கூட்டத்தில் வாசித்துக் காட்ட எனக்கு உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சிலிம் ரிவர், பேராக்.